நோட்டில் எழுதிய நூற்று நாலு

நைனாவின் கையிலிருந்து பி.பி. மிஷின் பட்டையைப் பிரிக்கும்போது வரும் 'டர்ர்' என்ற சத்தத்தோடுதான் என் ஏழாம் வகுப்புக் காலைகள் தொடங்கின. நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, ரத்தத்தைத் தள்ளும் வலு இதயத்துக்குக் குறைந்து, கால் வீங்கி, திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து திரும்பியிருந்தார். அம்மா விடிவதற்குள் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிடுவாள் என்பதால், மாத்திரைக்கு முன் அவருடைய 'பி.பி.' பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலையாயிற்று. மாத்திரை பி.பி.யை இன்னும் இறக்கிவிடும் என்பதால், மேல் நம்பர் தொண்ணூறுக்குக் கீழே போனால் அதைக் கொடுக்காமல் உடனே போன் செய்யும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தப் பதினோரு நாளும் என்னை நாராயணவனத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; யாரும் என்னோடு பேசவுமில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாவின் போன் வருமா என்று சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காலையில் மிஷின் எண்பத்து நாலு காட்டியது. மறுபடி பார்த்தேன், எண்பத்திரண்டு.

"எவ்ளோ இருக்குது மா?" என்றார், கண்ணாடி போடாத நைனா.

"நூத்தி நாலு."

அவர் நம்பி மாத்திரையை விழுங்கினார். நானும் நோட்டில் அதையே எழுதினேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்த மூன்றாம் நாள், தண்ணீர் பிடிக்க எழுந்துபோனவர் குழாயடியில் தலைசுற்றி விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. எதிர்வீட்டுக்காரர் பிடித்துவந்த ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி வரை போனேன்.

அம்மா கம்பெனியிலிருந்து நேரே வந்து சேர்ந்தாள். டாக்டர் நோட்டைப் புரட்டி, "பி.பி. நல்லாதானே இருந்திருக்கு, ஏன் விழுந்தாரு?" என்று யோசித்தார். வேறென்னவோ பரிசோதனை எழுதப் போனார்.

"அது நானா எழுதினது. மிஷின்ல எண்பத்திரண்டு வந்துச்சு" என்றேன்.

அவர் திட்டவில்லை, மாத்திரையின் அளவைக் குறைத்தார். அம்மாதான் கேட்டாள்: "ஏன்டி பொய் எழுதின?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனா என்னை அத்தை வீட்டுல வுட்டுடுவீங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்த நைனா, கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "எத்தினி காட்டுதோ அத்தினியே சொல்லு. போனா மூணு பேருமா போய்க்கினு வரலாம்" என்றார்.

சொன்னபடியே அதன்பிறகு வந்த ஆஸ்பத்திரி நாள்களிலெல்லாம் என்னையும் கூட்டிப்போனார். ஐந்து வருடம் இருந்தார். கடைசி முறை திரும்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம்.

இப்போது நான் திருப்பதியில் அலிபிரி பக்கம் ஓர் அறையில் தங்கி வேலைக்குப் போகிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறேன்.