தடம் கேட்ட குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அந்தக் குட்டைப் பனிச்சறுக்குப் பலகை இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. தொட்டுப் பார்ப்பது உங்கள் பாடு. நான் தொடுவதில்லை.

என் பெயர் குன்வோர். நார்வேயில் டெலிமார்க் பக்கம் மலையில் எங்கள் ஊர். போன பிப்ரவரியில் என் தம்பி ஐவின்டுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை பழைய முறைப் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். கம்பளிச் சட்டை, மரப் பலகை, கையில் ஒரே ஒரு கோல். அது போதாதென்று இவன் அதற்கும் முந்தைய காலத்துக்குப் போய்விட்டான். அந்தக் காலத்தில் இரண்டு பலகையும் ஒரே அளவு கிடையாது. இடது காலுக்கு நீளப் பலகை, சறுக்குவதற்கு. வலது காலுக்குக் குட்டை, உந்தித் தள்ளுவதற்கு.

நீளப் பலகை அவன் புதிதாக வாங்கிய பண்ணையின் களஞ்சியப் பரணில் கிடந்தது. ஜோடியைத் தேடினான். கிடைக்கவில்லை. தானே ஒரு குட்டைப் பலகையைச் செதுக்கி, அடியில் பனியைப் பிடிக்கக் கடல்நாய்த் தோல் ஒட்டிக்கொண்டான்.

"இந்தக் கட்டையக் கட்டிக்கிட்டா மலைய தாண்டப் போற? பாட்டனுக்குப் பாட்டன்கூட சிரிப்பான்டா" என்றேன்.

"பந்தயத்துல என் முதுகப் பாத்துக்கிட்டு வருவல்ல, அப்ப சிரி அக்கா" என்றான்.

அவனைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் ஒத்திகைக்குக் கூடவே கிளம்பினேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மாலை ஐந்தேகால்தான். எங்களுக்கு அதுவே இருட்டு. மெல்லிய பனி தூறியது. காட்டுக்குள் ஒற்றைத் தடம். நெற்றி விளக்கோடு நான் முன்னால். அவன் எங்கோ பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு.

"தடம்!"

பின்னாலிருந்து குரல். வேகமாக வருகிறவர் அப்படிக் கேட்டால் முன்னால் போகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இது வந்துவிடும். ஏன், யார் என்று யோசிப்பதில்லை. கால் தானாக ஒதுங்கும்.

ஒதுங்கி நின்றேன். யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஐவின்ட் வந்து சேர்ந்தான்.

"ஏன்க்கா நிக்கற?"

"நீதானடா தடம் கேட்ட?"

"நானா? எனக்கு மூச்சே வரல. எங்க கேக்கறது?"

 பயத்தை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. "நீ முன்னால போ" என்று மட்டும் சொன்னேன்.

காடு முடிந்தது. இனி ஏரிக்கரை. வலப்பக்கம் செங்குத்துப் பாறை. ஒதுங்குவதென்றால் இடப்பக்கம்தான்... இடப்பக்கம் ஏரி. மின்சாரத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் இறக்குகிற ஏரி அது. கரையோரம் மேலே பனிக்கட்டி இருக்கும். அதன் அடியில் வெற்றிடம், அதற்கும் கீழேதான் தண்ணீர். அங்கே யாரும் கால் வைக்க மாட்டோம்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஸ்ர்ர்ர்... டக்.

ஸ்ர்ர்ர்... டக்.

பலகையில் வருகிறவருக்கு மாற்றி மாற்றி இரண்டு சறுக்கல் கேட்கும். இதில் ஒன்றுதான். ஒரு சறுக்கல், ஒரு கோல் ஊன்றல். ஒற்றைக் காலில் யார் வருவார்?

"தடம்!"

என் பிடரிக்குப் பின்னால். மரியாதையான குரல். அவசரமே இல்லாத குரல்.

நான் ஒதுங்கவில்லை. தைரியமெல்லாம் இல்லை... கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

விளக்கு வெளிச்சத்தில் கீழே பார்த்தேன். தடத்துக்கும் பாறைக்கும் நடுவில், ஒரு சாண் இடத்தில், புதுப்பனியில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கோடு. பக்கத்தில் கோல் குத்திய குழி. பிறகு இன்னொரு குழி.

கோடு என்னைத் தாண்டிப் போனது.

கோட்டின் மேல் யாரும் இல்லை.

தம்பியை நோக்கித்தான் போகிறது என்று புரிய ஒரு கணம் ஆகிவிட்டது.

"தடம்!"

"இதோ... போங்க, போங்க" என்றான் ஐவின்ட்.

"ஒதுங்காதடா!"

கத்தினேன். அதற்குள் இடது காலை எடுத்து வைத்துவிட்டான்.

மடார்.

இடுப்புவரை உள்ளே போய்விட்டான். வலது காலின் குட்டைப் பலகை விளிம்பில் குறுக்கே மாட்டிக்கொண்டதால்தான் முழுதாகப் போகவில்லை. நான் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்தேன்.

"அக்கா... அக்கா, இழுக்குது!"

"தண்ணிடா. தண்ணி இழுக்குது. கைய விடாத."

"தண்ணி இல்லக்கா... கணுக்கால்ல கை!"

என் தம்பி என் கண்ணெதிரே சாகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். இடுப்புக் கத்தியை உருவினேன். தோள்வரை தண்ணீரில் விட்டுத் துழாவினேன். நீளப் பலகையை அவன் காலணியோடு பிணைத்திருந்த, மரவேரை முறுக்கிச் செய்த கட்டு விரலில் பட்டது. அறுத்தேன். மறுபடி அறுத்தேன்.

கட்டு விட்டது. கால் வெளியே வந்தது.

பலகை மிதக்கவில்லை. மரப் பலகை... மிதக்கவில்லை. நுனி முன்னால் போக, சீராக நழுவி, பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டது.

பிறகு அடியிலிருந்து கேட்டது.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... டக்.

இப்போது இரண்டு சறுக்கல்.

அவனைத் தோளில் சாய்த்து, பாதி தூக்கி, பாதி இழுத்து ஏரிக்கோடியில் இருக்கும் என் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. டாக்டர் வந்தார். காலில் இரண்டு விரல் போனது. உயிர் தப்பியது. நான் அழுதேன், சிரித்தேன், அவனை அறைந்தேன்.

மறுநாள் காலை ஸ்வெய்னுங் வந்தான். மலை மீட்புக் குழுவில் இருப்பவன். பனிக்கட்டி உடைந்த பள்ளத்தைச் சுற்றி எச்சரிக்கைக் கோல் நட்டுவிட்டு நேரே வந்திருந்தான். காபியைக் கையில் வாங்கினான். குடிக்கவில்லை.

"நேத்து உங்க கூட வந்த மூணாவது ஆளு யாரு?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"வெளயாடாத குன்வோர். பள்ளத்துலேருந்து ஒருத்தன் ஏறி, ஏரிக்குக் குறுக்கே போயிருக்கான். இடது பலகை நீளம், வலது குட்டை. ஐவின்டோட அந்தக் கிறுக்கு ஜோடி மாதிரியேதான். தடம் அவன் பண்ணைக் களஞ்சியம் வரைக்கும் போயிருக்கு. கதவு முன்னால நின்னுடுச்சு."

"திரும்பி வந்த தடம்?"

"இல்ல."

நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஐவின்டின் குட்டைப் பலகை அங்கேயே சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது. அப்படியானால் அந்த வலது காலில் இருந்தது, தம்பி தேடிக் கிடைக்காத அந்த ஜோடியா?

ஐவின்ட் இப்போது என் வீட்டில்தான் தூங்குகிறான். களஞ்சியத்தை இன்னும் யாரும் திறக்கவில்லை.