ஐந்து பென்ஸ் என்றால் ஒன்று

வாசகரே, விவாத மேடையில் நடுவரை விளித்தே பேசிப் பழகியவன் நான். தீர்ப்பு என் பக்கம் சாயும் என்ற திமிரோடு பேசியவன் என்றும் சொல்லலாம். இங்கே உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. லூயிஷாமில் ஒரு முற்பகலில் என் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லுக்கும், அதன் பின்னர் நான் உரக்கச் சொன்ன ஒரு வாக்குக்கும் நீங்கள் சாட்சியாக இருந்தால் போதும்.

பெரியப்பாவின் மகனை நான் அண்ணை என்றே அழைப்பேன். பாரிசில் உணவகச் சமையலறைகளில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பாரிசில் மாலி நாட்டவர்களோடு ஒரே அடுப்படியில் நின்றதில் அவர்களுடைய பம்பாரா மொழியைக் கற்றுக்கொண்டார். பிறகு அவர்களில் ஒருவருடைய தங்கையையே மணமுடித்தார். அண்ணி செகூ என்ற ஆற்றங்கரை நகரத்தில் மீன் விற்றவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தெரியும். ஆங்கிலத்தில் அதுவும் இல்லை. லண்டனின் மிச்சம் பகுதியில் இருக்கும் என் பெற்றோரின் வீட்டைவிடப் பல்கலைக்கழகத்துக்கு அருகென்று, நான் லூயிஷாமில் இவர்களுடைய சின்ன அறையில் தங்கியிருந்தேன்.

அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முன்னர் ஒரு குழந்தை தங்காமற் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. ஆனால் அண்ணை வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே ஒன்றைச் சொல்லுவார்: "நான் ஷிப்டிலை நிக்கேக்கை நீதான் அவவைப் பாக்கவேணும்."

பார்ப்பது என்பது பெரும்பாலும் சந்தைக்குக் கூடப் போவதுதான். பம்பாராவை நான் கற்றதும் அங்கேதான். அண்ணி எந்தப் பொருளையும் சுட்டி "ஜோலி?" என்பார். எவ்வளவு என்று பொருள். நான் விலையைச் சொல்ல வேண்டும். வரி என்றால் பணம், வரி மிசென் என்றால் சில்லறை. விலை அதிகம், கொஞ்சம் குறைத்துத் தாருங்கள், சில்லறை இல்லை. இவையெல்லாம் வெண்டிக்காய்க் கிண்ணங்களுக்கும் மீன் தட்டுகளுக்கும் நடுவில் என் வாய்க்கு வந்தன.

அந்தக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. மாலியில் ஐந்து பிராங்கைத்தான் ஒன்றாக எண்ணுவார்கள். நூறு பிராங்கை இருபது என்பார்கள். லண்டனுக்கு வந்த பின்னரும் அண்ணிக்குப் பிராங்கின் இடத்தில் பென்ஸ் வந்ததே தவிர, கணக்கு மாறவில்லை. ஐந்து பென்ஸ் அவருக்கு ஒன்று. பத்துப் பென்ஸ் இரண்டு. ஒரு பவுண் இருபது. ஒரு பென்ஸ், இரண்டு பென்ஸ் செப்புக் காசுகளை அவர் பணமாகவே மதிக்கவில்லை. யன்னலோரத்தில் ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டுவிட்டார். நானும் அவருடைய எண்களைக் காதில் விழுந்தவுடன் ஐந்தால் பெருக்கப் பழகினேன். எதிரணி வாக்கியத்தை முடிக்குமுன் மறுமொழியைத் தயாராக்கும் மூளைக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. வாரங்கள் செல்ல, பெருக்குகிறேன் என்ற உணர்வே அற்றுப்போனது.

மாலியில் கணவனுடைய தம்பியும் அண்ணன் மனைவியும் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டுமாம். எங்கள் பக்கத்திலும் இதற்குக் குறைவில்லை. அண்ணி என்னை ஷோ தின்னி என்பார். ஷோ என்பது அவர்களூர்ப் பயறு. அங்கே அது பெரிய நையாண்டி. நானோ நாள்தோறும் பருப்பும் சோறும் உண்பவன்; முதல் முறை அதைக் கேட்டபோது ஓம் என்று தலையாட்டினேன். அண்ணை சிரித்துச் சிரித்துப் புரையேறினார். மிச்சம் பகுதியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் நான் பம்பாரா பேசுவேன் என்று அறிவித்து, நின்றபடியே பேசியும் காட்டினேன். பேசியது முழுவதும் மீன் விலை என்பது அங்கே எவருக்கும் தெரியாது.

அன்று காலை அண்ணிக்குத் தலையிடி. நெற்றியைத் தொட்டுக் காட்டினார். சாப்பிடாமலே சந்தைக்குக் கிளம்பினார். மீன் கடையின் முன்னால், தன் சேலைத்துணிபோன்ற நீள்துணியின் முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்தவர், அப்படியே என் தோளில் சாய்ந்து தரையில் சரிந்தார். காசுகள் ஈரத் தரையில் உருண்டன. எவரோ ஆம்புலன்சை அழைத்தார்கள். நான் அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தார். முடிச்சில் மிஞ்சிய காசுகளோடு வெள்ளைக் குளிசைகளும் கிடந்தன. வீட்டில் இருந்த பரசிட்டமோல்தான். செகூவின் சந்தையில் குளிசையைத் தனித்தனியாக வாங்கிப் பழகியவர், அட்டையிலிருந்து பிரித்து முடிந்து வைத்திருக்கிறார். எத்தனை விழுங்கினார் என்று தாதி கேட்டார். பம்பாரா மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் தேடுகிறார்கள், நேரமாகும், உங்களுக்கு அந்த மொழி தெரியுமா என்றும் கேட்டார்.

தெரியும் என்றேன். மேடைக் குரலிலேயே சொன்னேன்.

குளிசையைச் சுட்டி "ஜோலி?" என்றேன். அண்ணி ஈனக்குரலில் பதில் சொன்னார். நான் தாதியின் பக்கம் திரும்பி, பத்து என்றேன்.

தாதியின் முகம் அந்த இடத்திலேயே மாறியது. பத்தா என்று திருப்பிக் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. வைத்தியர் வந்தார். இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பட்டி கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அந்தச் சத்தம் இடையில் ஒருமுறை மங்கியபோது என் காதுகளுக்குள் வேறெதுவும் கேட்கவில்லை; கருவி நழுவியதுதான் என்று தாதி அதைச் சரிசெய்தார். பிறகு வைத்தியர் என்னைத் திரைச்சீலைக்கு அப்பால் அழைத்துத் தணிந்த குரலில் கேட்டார்: ஒரே தடவையில் விழுங்கினாரா? வீட்டில் ஏதாவது துயரமா? தனக்குத் தீங்கு செய்துகொள்ள நினைத்தாரா?

அதைக் கேட்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. விலை அதிகம் என்று சொல்லத் தெரியும். சில்லறை இல்லை என்று சொல்லத் தெரியும். துயரம் என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள்? நோகிறது என்பதற்கு? பயம் என்பதற்கு? அண்ணைக்கு மீண்டும் மீண்டும் அழைத்தேன். அவர் வேலை செய்யும் உணவகத்தின் சமையலறை நிலத்தடியில், கைபேசியோ உடுப்பு அலுமாரியில். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் வந்து, நீதானே கூட இருந்தாய் என்றால் என்ன சொல்வேன்? யன்னலோரத்தில் செப்புக் காசுப் போத்தலைக் கையில் வைத்தபடி அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மாலைகள் நினைவுக்கு வந்தன. நான் அவற்றை ஓய்வு என்றே எண்ணியிருந்தேன். தங்காமற்போன அந்தக் குழந்தையை நினைத்திருப்பாரோ? கூடவே இருந்தும் எனக்கு எதுவுமே தெரியாதோ? கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டேன். அங்கே தரையிலிருந்து நான் பொறுக்கிய ஈரக் காசுகள் இருந்தன.

குளிசையின் நஞ்சை முறிக்கும் மருந்தை ஏற்றுவதற்கு முன் தாதி அண்ணியிடமே ஒருமுறை உறுதிசெய்ய விரும்பினார். குளிசையைக் காட்டினார், இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல்களையும் நீட்டினார். அண்ணி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்து, தாதியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கத் தொடங்கினார். ஒரு கை முழுவதும் மடங்கியது. மறுகையில் இரண்டு விரல்களை மட்டும் விட்டுவைத்தார்.

"வரி தே," என்றார் என்னிடம். இது பணமில்லை.

ஃபிலா என்றுதான் அவர் முன்பும் சொல்லியிருந்தார். இரண்டு. குளிசையை எவரும் ஐந்தைந்தாக எண்ணுவதில்லை. அந்த எண்களை விலைகளில் மட்டுமே கேட்டிருந்த நான்தான், கேட்ட மாத்திரத்தில் பெருக்கியிருக்கிறேன்.

தாதியிடம் சொன்னேன். இம்முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் சொல்லை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. இரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருப்போம் என்றார். அந்தக் காத்திருப்பில் பயம் குறையவில்லை. ஒருமுறை பிழையாகக் கேட்டவன் இம்முறை சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று வேறு வடிவம் எடுத்தது. பின்னர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். இரண்டு குளிசை, தலையிடிக்கு, வெறும் வயிற்றில். இரத்தமும் அதையே சொன்னது. குழந்தையின் துடிப்பு சீராக இருந்தது. பட்டினியும் நெடுநேரம் நின்றதுமே மயக்கத்துக்குக் காரணம் என்றார்கள்.

அண்ணை சமையல் உடுப்போடேயே ஓடி வந்தார். அண்ணியோடு பம்பாராவில் நெடுநேரம் பேசினார். அதில் எனக்கு விளங்கியவை வரி மிசென் என்பதும் ஷோ தின்னி என்பதும் மட்டுமே. விழுந்த சில்லறையை இந்தப் பயறு தின்னி பொறுக்கினானா என்று அண்ணி கேட்கிறாராம்; அண்ணைதான் சொன்னார். பையிலிருந்த காசுகளை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தேன். அண்ணி செப்புக் காசுகளை விரலால் எனக்கே தள்ளிவிட்டார்.

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். "டேய், தெரியாது எண்ட சொல்லை நீ ஒருக்காவும் மேடையிலை சொன்னதில்லை, என்ன?"

நான் எழுந்து நின்றேன். பழக்கதோஷம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அண்ணையைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்:

"அண்ணி, இனி ஆர் கேட்டாலும், எனக்குக் காசுக் கணக்கு மட்டுந்தான் தெரியுமெண்டு முதலிலை சொல்லுவன். மிச்சத்தை உங்கடை விரலைப் பாத்துத்தான் சொல்லுவன்."