கட்டிலோடு கட்டிய கைகள்

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயில் பேச்சும் வரவில்லை. தெருவில் அவளை ஊமைச்சி என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அவளைவிட அதிகம் பேசியவர் யாருமில்லை. எல்லாம் கையால். சிறு வயதில் நாங்கள் இருவரும் உண்டாக்கிக்கொண்ட சைகைகளாலேயே சண்டை போடுவோம், பாசாரில் மீன்காரனைக் கேலி செய்வோம்.

அவளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலானபோது ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டு வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். துணைக்கு ஆள் கூடாதாம். அவளுக்குக் காது கேட்காது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். அக்காவின் இரண்டு கைகளையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் குழந்தை இல்லை. யாரையும் கேட்காமல் முடிச்சுகளை அவிழ்த்தேன். மணிக்கட்டெல்லாம் கன்றிப்போயிருந்தது. கை விடுபட்டதும் அவள் கேட்டது ஒன்றுதான்: குழந்தை உயிரோடு இருக்கிறதா?

நர்ஸ் ஓடி வந்தார். நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்போம். இவர் தமிழ்க்காரர்தான்.

“யாரு அவுக்கச் சொன்னா? விடிய விடிய கைய வீசிக்கிட்டே இருந்தா. புத்தி கலங்கிப்போச்சுன்னுதான் கட்டுனோம்.”

“புள்ள எங்கன்னு கேட்டிருக்கா மிஸ்ஸி. அவளுக்குக் கைதான் வாயி. நான் கேட்டிருந்தா என் வாயக் கட்டியிருப்பீங்களா?”

அவர் என் கையிலிருந்த துணிப்பட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு, பெண் குழந்தை, எடை குறைவு, வேறு அறையில் கதகதப்பாக வைத்திருக்கிறோம் என்றார். அக்காவிடம் சொன்னேன். உடனே பார்க்க வேண்டும் என்றாள். பெரிய மிஸ்ஸியின் அனுமதி வேண்டுமாம். அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காலைக் கீழே ஊன்றி எழுந்துவிட்டாள். நான் தோள் கொடுத்தேன்.

வெள்ளைக்காரப் பெரிய மிஸ்ஸி எதிரே வந்து மறித்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. அக்கா தன் மணிக்கட்டுகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்.

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. நான் நகரவில்லை. காவலுக்கு இருந்த ஜாகா வந்து கூப்பிட்டான். வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போ என்றேன். தூக்கவில்லை. அன்று முதல் அந்தக் கட்டிலடியில்தான் படுத்தேன்.

தமிழ் மிஸ்ஸி இரண்டொரு நாளில் என்னிடம், வலிக்கிறதா என்று எப்படிக் கேட்பது என்றார். அக்காவையே கேளுங்கள் என்றேன். அக்கா காட்டினாள். வலி, தண்ணீர், குழந்தை என்று அவர் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டார். ஒருமுறை தண்ணீர் வேண்டுமா என்பதற்குப் பதில் குழந்தை வேண்டுமா என்று கேட்டதில், இப்போதுதானே பெற்றேன் என்று அக்கா சிரித்தாள்.

எல்லோரும் அப்படியில்லை. வேறொரு மிஸ்ஸி, அக்கா என்னோடு கோபமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் துணிப்பட்டையோடு வந்தார். அக்கா அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே வெளியே வீசினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து என்னைத் திட்டத் தொடங்கினாள்.