'முடியலை' என்று சொல்ல வைத்த ஸ்காட்லாந்துச் சொல்

நேற்று திருப்பதியில் எனக்கு மார்பில் கட்டி கீறினார்கள்.

இப்போது நலம். பாப்பாவும் நலம்.

பாப்பாவுக்கு இரண்டு மாதம். போன வாரம் எனக்கு வலது பக்கம் பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வேறு.

"மல்லிப்பூ வெச்சுக் கட்டினா எறங்கிடும்மா" என்றார் அத்தை (என் மாமியார். நகரியில் ஒரே வீட்டில் இருக்கிறோம்). காலையும் மாலையும் புதுப் பூ.

"வலிக்குதாம்மா?"

"பரவாயில்ல அத்தே."

நான்கு நாளும் அதே கேள்வி, அதே பதில். (பாப்பா தும்மினால் டாக்டரிடம் ஓடுகிறவள் நான். என் வலிக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.)

ஐந்தாம் நாள் சுகன்யா வீடியோ காலில் வந்தாள். எங்கள் தெருக்காரி, ஸ்காட்லாந்தில் நர்ஸ்.

"இன்னாடி மூஞ்சி இப்படிக் கீது?"

விஷயத்தைச் சொல்லிவிட்டு, "தாங்கிக்கலாம்டி" என்றேன்.

"எங்க வார்டு பெருசுங்களும் இதே கதைதான். 'தோல்'னு ஒரு பழைய சொல்லு வெச்சிக்கினு கீறாங்க."

(நம் உடம்புத் தோல் இல்லை. அந்த ஊர் வினைச்சொல். தாங்குவது, பொறுப்பது, சகிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.)

"வலியையும் தோல் பண்ணுவாங்க, குளிரையும் பண்ணுவாங்க, மாமியாரையும் பண்ணுவாங்க. எலும்பு ஒடைஞ்சி வந்தாலும் 'ஐல் தோல் இட்', தாங்கிக்கிறேன்தான். ஆனா 'கேன்னா தோல் இட்', தாங்க முடியலன்னு ஒரு வாட்டி சொல்லிட்டா, துன்றதை அப்படியே போட்டுட்டு ஓடுவோம். நீ இதுல எது, சொல்லு."



"முடியலடி."

திரும்பினால் வாசற்படியில் அத்தை, கையில் பூவோடு. (மாமியார் ஜோக்கும் காதில் விழுந்திருக்கும்.)

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு நாளா கேட்டுக்கினே இருந்தேனே. அவகிட்ட சொல்றத எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

திருப்பதி வரை பாப்பா அவர் மடியில்தான்.

சீழ் கட்டியிருந்தது. பூ வைத்தால் பால்தான் குறையும், சீழ் கரையாது என்றார் டாக்டரம்மா. பிறகு தெலுங்கில், "இன்னி ரோஜுலு எந்துக்கு ஓர்ச்சுகுன்னாவம்மா?" இத்தனை நாள் ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டார். பழக்கத்தில் 'பரவாயில்லை' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "வலிக்குது மேடம்" என்றேன்.

இன்னொரு ஊசி போட்டார். அவ்வளவுதான். யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

சுகன்யா, நன்றிடி. அந்த ஊர் பெருசுகளுக்கும்.

அத்தைக்கு நேரில் சொல்லக் கூச்சம். இங்கே சொல்லிக்கொள்கிறேன். (இணையத்தில் இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டார்.)

திரும்பும்போது, புத்தூர் தாண்டியதும், பாப்பாவைத் தட்டிக்கொண்டே அத்தை மெதுவாகச் சொன்னார்:

"எனக்கும் முட்டி முடியலம்மா. ஆறு மாசமா."

வியாழக்கிழமை எனக்குக் கட்டு மாற்ற வேண்டும். அத்தைக்கு எக்ஸ்ரே. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.