பிழை கேட்கும் யோகமலர்

மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே யோகமலர் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓவியப் பலகை ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இடது கண்ணைச் சுருக்கி, தலையைத் தோள்வரை சரித்துப் பார்க்கிறார். பிறகு மூலையில் இருக்கும் எனக்கு மட்டும் விளங்கும்படி தமிழில் முணுமுணுக்கிறார்: "உந்தக் கதிரைக்கு மூண்டு கால்தான் நிலத்தில நிக்குது. மற்றக் கால் லீவில போட்டுது." அடுத்த பலகைக்கு நகர்ந்து, "இவர் போத்தலைக் கீறேல்லை, பிள்ளை. போத்தல் விழப்போற நேரத்தைக் கீறியிருக்கிறார்" என்கிறார். ஒன்பது பலகைகளும் முடிந்த பிறகுதான் மேலங்கி சுவர்க் கொளுவியில் ஏறும்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மாலைப் பள்ளி ஒன்றில் செவ்வாய்தோறும் ஆறரை மணிக்குத் தொடங்கும் ஓவிய வகுப்பு அது. வளர்ந்தோர் கல்வி பற்றிய என் பட்டமேற்படிப்புக்காக, அனுமதி பெற்று, பதினொரு வாரங்கள் அங்கு அமர்ந்து குறிப்பெடுத்தேன். யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதை நேரத்தோடு பதிவதே என் வேலை.

யோகமலருக்கு வயது நாற்பத்தேழு. பகலில் அவர் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகர். எழுபது மீற்றர் நீளமான வெள்ளை இறக்கையின் ஓரமாக நடந்து, மேற்பரப்பில் காற்றுக் கொப்புளமோ மடிப்போ இருக்கிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்ப்பதைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறார். "ரோச் லைற்றை நேர அடிச்சா எல்லாம் வடிவாத்தான் தெரியும். சரிச்சு அடிக்கவேணும். அப்பதான் கொப்புளம் தன்ரை நிழலைக் காட்டும்" என்பார். தவறவிட்ட ஒரு கொப்புளம் கடற்காற்றில் வெடிப்பாக மாறும். ஆகவே அந்தத் தொழிற்சாலையில் பிழையைக் காட்டுகிறவருக்கு நன்றி சொல்கிறார்கள்.

இந்தக் கண்ணை அவர் வேறொரு தொழிலுக்குக் கொண்டுபோக விரும்புகிறார். நாடக அரங்குகளுக்குப் பின்திரை வரைவது அவருடைய ஆசை. வெற்று ஆசையன்று. அதற்கான பயிற்சிக்கு முன்னால் ஓராண்டுக் கலை அடிப்படைப் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும். அதில் சேரப் பத்து ஓவியங்கள் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். "எழுபது மீற்றரைப் பாத்த கண்ணுக்கு உந்தச் சின்னத் தாள் காணாது" என்று சிரிப்பார். இருமுறை விண்ணப்பித்து, இருமுறையும் மறுக்கப்பட்டார். இரண்டு கடிதங்களையும் படித்தேன். இரண்டுமே அவருடைய ஓவியங்களில் ஆழ்ந்த உணர்வு தெரிவதாகத் தொடங்குகின்றன. ஏன் மறுத்தார்கள் என்பதற்கு இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது விண்ணப்பத்துக்கு மார்ச் முதலாம் திகதி கடைசி நாள்.

ஆசிரியை கிர்ஸ்டன் நல்லவர். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். கோபப்படுவதை அது கடினமாக்குகிறது. யோகமலரின் பெயரை எழுத்துப் பிசகாமல் பயின்று உச்சரிக்கிறார். வகுப்புக்கு வீட்டில் சுட்ட பிஸ்கற் கொண்டுவருகிறார். யோகமலரின் பலகை முன் வந்து நின்று, மார்பில் கைவைத்து, "ஸ்பெனென" என்கிறார். சுவாரசியமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். பிறகு அடுத்த பலகைக்குப் போய்விடுகிறார்.

அடுத்த பலகை, அதே அடிப்படைப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் பத்தொன்பது வயது டேனிஷ் மாணவி ஒருத்தியுடையது. அங்கே கிர்ஸ்டன் குனிகிறார். "தோள் தாழ்ந்திருக்கிறது. கழுத்திலிருந்து அளந்து பார். இந்த நிழல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்கிறார். மாணவி முகம் சுளித்துக்கொண்டே திருத்துகிறாள்.

பதினோராம் வாரத் தொடக்கத்தில் என் பதிவைக் கூட்டிப் பார்த்தேன். அந்த மாணவிக்குச் சொல்லப்பட்டவை நாற்பத்தொரு கருத்துகள். அவற்றில் முப்பத்துமூன்று திருத்தங்கள். யோகமலருக்கு இருபத்தாறு கருத்துகள், இருபத்துநான்கு பாராட்டுகள். மீதி இரண்டில் ஒன்று, யன்னலைச் சாத்த முடியுமா என்பது. மற்றது, காப்பி வேண்டுமா என்பது.

பாராட்டுகளின் தன்மையையும் பதிந்திருக்கிறேன். ஆறு முறை அவருடைய 'வெப்பமான நிறங்கள்' புகழப்பட்டன. யோகமலர் கரித்துண்டால் மட்டுமே வரைகிறவர். பதினொரு வாரங்களில் அவர் ஒரு நிறத்தையும் தொடவில்லை. நான்காம் வாரம் அவர் வரைந்தது பக்கத்து வீட்டின் சைக்கிள் கொட்டகை. அதில் அவருடைய தாய்நாடு தெரிவதாகச் சொல்லப்பட்டது. ஏழாம் வாரம், உங்கள் பண்பாட்டிலிருந்து ஏதாவது வரையலாமே, வாசலில் போடும் அந்த மாவுச் சித்திரம் போல, என்று கிர்ஸ்டன் ஆர்வமாகக் கேட்டார். யோகமலர் என் பக்கம் திரும்பி, "எனக்குக் கோலம் வராது எண்டு இவவுக்கு என்னெண்டு சொல்லுறது? புள்ளி வைச்சுக் கோடு இழுத்தா அது பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிடும்" என்றார்.

சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒருவரின் கோட்டைத் திருத்துவதற்கு அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். யோகமலரின் தாள்மீது அந்தப் பத்து வாரமும் யாருடைய பார்வையும் தங்கவில்லை. அவர் எங்கிருந்து வந்தார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி தேர்வுக் குழுவின் மேசையில் இரண்டு உறைகள் இருக்கும். ஒன்றில் முப்பத்துமூன்று முறை திருத்தப்பட்ட கை வரைந்த ஓவியங்கள். மற்றதில் இருபத்துநான்கு முறை தட்டிக்கொடுக்கப்பட்ட கை வரைந்தவை. எது தேறும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. பிறகு மறுப்புக் கடிதத்தை எழுதுகிறவர் மீண்டும் 'ஆழ்ந்த உணர்வு' என்றே தொடங்குவார். இதைப் பண்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவரைப் படிக்க விடாமலே படிப்பித்ததாகக் கணக்குக் காட்டுவது இது.

நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. சாமத்தியவீடு எனப்படும் பூப்புனித விழா மண்டபங்களுக்குப் பின்னணிப் படம் தேவைப்பட்டால் யோகமலருக்கு அழைப்பு வரும்: "அக்கா, பெரிசா ஒரு மயில் கீறித் தாங்கோ." ஒருமுறை அவசரத்தில் மயிலின் கழுத்தைப் பிழையாக இணைத்துவிட்டார். ஒருவரும் சொல்லவில்லை. "அந்தக் கழுத்து முறிஞ்ச மயிலுக்குக் கீழ நிண்டு நூற்றைம்பது சனம் படம் எடுத்தது, பிள்ளை. எல்லாரும் சொல்லுகினம் சோக்கா இருக்காம்." கணவர் குணசேகரத்துக்கு இந்த மனக்குறை விளங்குவதேயில்லை. "ரீச்சரே நல்லம் எண்டு சொல்லுறா. இவவுக்கு ஏச்சு வாங்காட்டி நித்திரை வராது" என்று என்னிடம் முறையிட்டார். "உங்களிட்டை வாங்கினது காணும். எனக்குக் கீறத் தெரிஞ்ச ஆளிட்டை வாங்கவேணும்" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

பதினோராம் செவ்வாய் இடைவேளையில், என் கணக்கைக் காட்டும்படி அவரே கேட்டார். தொழிற்சாலை அறிக்கையைப் பார்ப்பது போல ஒவ்வொரு எண்ணின் மீதும் விரலை நகர்த்திப் படித்தார். தன்னுடைய இருபத்துநான்கில் அவர் விரல் நிற்கவில்லை. "அந்தப் பெட்டைக்கு முப்பத்திமூண்டோ?" என்றார். குறிப்பேட்டை மூடி என்னிடம் தந்தபடி, "குடுத்து வைச்சவள்" என்றார்.

அன்று வரைவதற்கு மாதிரியாக ஒரு முதியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், கதிரையில் அமர்ந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கிர்ஸ்டன் யோகமலரின் பலகைக்கு வந்தார். கை மார்புக்குப் போயிற்று. "ஸ்பெனென" என்றார்.

யோகமலர் டேனிஷ் மொழியில் பேசினார். தொழிற்சாலைத் தளத்தில் கற்ற, நெளிவு சுளிவற்ற டேனிஷ். "பிழை எங்கே?"

"பிழை என்று எதுவும் இல்லை. இது உங்களுடைய வெளிப்பாடு. அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை."

"அவளுடையதை ஒவ்வொரு வாரமும் கெடுக்கிறீர்கள். என்னுடையதையும் கெடுங்கள். எனக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது."

கிர்ஸ்டனின் கழுத்து சிவந்தது. யோகமலர் தன் கரித்துண்டை அவர் கையில் வைத்துவிட்டு, பலகையை விட்டு ஓரடி விலகி நின்றார். கிர்ஸ்டன் தாளைப் பார்த்தது நாற்பது விநாடிகள் என்று என் குறிப்பு சொல்கிறது. யோகமலரின் தாள்மீது பதினொரு வாரங்களில் விழுந்த மிக நீண்ட பார்வை அது.

"அவர் உட்காரவில்லை" என்றார் கிர்ஸ்டன், மெதுவாக. "இடுப்பில் பாரம் இல்லை. கதிரைக்கு மேல் மிதக்கிறார். முழங்கால் இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கின்றன; இடதுகால் நம் பக்கம் வர வேண்டும். இந்தப் பாதம்..." கரித்துண்டால் அதைச் சுட்டிக் காட்டினார். "இந்தப் பாதம் சரியே இல்லை."

"வேற?" என்றார் யோகமலர், தன்னை மறந்து தமிழில்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. உள்ளங்கையைத் தாளில் வைத்து, இடுப்பிலிருந்து கீழே, இரண்டு கால்களையும் கதிரையையும் ஒரே இழுப்பில் துடைத்தார். வகுப்பு முடியும் ஒன்பது மணியாகிவிட்டது. தபால்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றார். கரி அப்பிய அந்தக் கையை அவருக்கு நேரே நீட்டி, இருங்கோ என்று சைகை காட்டினார் யோகமலர்.