எட்டடி இடம்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் ஊர்ப் படகுகள் இடம் மாறின. பழவேற்காடு ஏரியில் எங்கள் பக்கம் மணல் சேர்ந்து ஆழம் குறைந்துவிட்டதால், வடக்கே கொஞ்ச தூரம் தள்ளிப் புதிதாக ஒரு சிமெண்டுத் துறை கட்டினார்கள். ஒரே வாரத்தில் எல்லாப் படகுகளும் அங்கே போய்விட்டன. படகோடு இறால் ஏலமும் போயிற்று, ஐஸ் வண்டியும் போயிற்று. போகாமல் பழைய துறையிலேயே நின்றது அம்மாவின் இட்லிக் கடை ஒன்றுதான்.

கடை என்றால் நான்கு சவுக்குக் கம்பு, மேலே நீலத் தார்ப்பாய், கீழே ஒரு பெஞ்சு. ஏரியிலிருந்து வருகிறவர்கள் ஈரக் காலோடு நின்று இட்லியும் வடகறியும் சாப்பிட்டுப் போவார்கள். துறை மாறியபிறகு, பள்ளிக்குப் போகும் வழியில் நான் பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். எதிரே வெறும் தண்ணீர். மீந்த இட்லியை மத்தியானமும் நாங்களே சாப்பிட்டோம், சாயங்காலம் உதிர்த்து உப்புமாவாக்கியும் சாப்பிட்டோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இட்லி உப்புமா எனக்குப் பிடிக்கும்.

புதிய துறையில் யாருக்கு எங்கே இடம் என்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்யும். கூட்டத்துக்கு ஆண்கள் போவதே வழக்கம். அதனால் அம்மா நைனாவிடம் சொல்லி அனுப்பினாள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.

"ஏலக் கொட்டாய் பக்கத்துல எட்டடி குடுத்தா போதும்னு சொல்லு. மறந்துடாத."

நைனா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

அம்மன் கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நைனா கடைசியில், வலைக் குவியலை ஒட்டி உட்கார்ந்தார். ஐஸ் பெட்டிக்கு இடம் கேட்டார்கள், வலை உலர்த்த இடம் கேட்டார்கள், டீசல் கேன் வைக்க இடம் கேட்டார்கள். "வேற யாருக்குனா இன்னா வேணும்?" என்று ஊர்ப் பெரியவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து வலையில் ஒரு முடிச்சை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "சொல்லிட்டேன். பாக்கலாம்னாங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. "ஆமாம்மா, பாக்கலாம்னாங்க" என்று நானாகத்தான் சொன்னேன்.

அடுத்து வந்த நாட்களில் அம்மாவின் முகமே மாறிவிட்டது. வாசலில் கயிறு பிடித்து எட்டடி அளந்து, இங்கே அடுப்பு, இங்கே பெஞ்சு, இங்கே கை கழுவத் தண்ணீர் என்று எனக்குக் காட்டினாள். காட்ட அவளுக்கு வேறு ஆள் இல்லை. நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் எனக்கு வயிற்று வலி என்று இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. உண்மையிலேயே வலித்தது.

ஒரு சனிக்கிழமை, இடம் கொடுக்கட்டும் என்று காத்திராமல் அம்மா இட்லிக் குண்டானைத் தலையில் தூக்கிக்கொண்டு புதிய துறைக்கே கிளம்பினாள். சட்னித் தூக்கு என் கையில். குண்டானை இறக்கி வைத்தவுடனே ஏலம் விடுகிறவர் வந்துவிட்டார்.

"இங்க வண்டி நிக்கும்மா. எடுத்துக்கோ."

"எங்க வூட்டுக்காரரு கூட்டத்துல கேட்டாரே. பாக்கலாம்னு சொன்னீங்களாமே."

அவர் சிரித்தார். "உன் வூட்டுக்காரன் அன்னிக்கி வாயவே தொறக்கலியே."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள், தலையில் குட்டுவாள் என்று நின்றேன். அவள் சும்மாட்டைச் சரிசெய்து குண்டானைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவ்வளவு தூரமும் நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவளே போனாள். எதிர்வீட்டு அத்தைக்கு நண்டு வியாபாரம். அவளுக்கும் துறையில் உட்கார நிழல் வேண்டும். "நீ முன்னாடி போக்கா, நான் வந்துடறேன்" என்றாள். வரவில்லை. அத்தனை ஆண்களுக்கு எதிரே அம்மா ஒருத்திதான் நின்றாள்.  

"எனக்குத் தொறையில எட்டடி எடம் வேணும் மாமா."

"இத உன் வூட்டுக்காரரு சொன்னா போதாதா?" என்றார் பெரியவர்.

"அவரு கடை இல்ல மாமா. என் கடை. காலையில நாலு மணிக்கு அடுப்பு பத்த வெக்கறது நானு. கஷ்டம்னு அழுவறதுக்கு வரல. நீங்க பசியோட வர்றீங்க, நான் சமைக்கிறேன். அதுக்கு எடம் கேக்கறேன்."

நைனா அன்றும் அதே வலைக் குவியலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. யார் பக்கத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன்.

அவர்கள் கூடிப் பேசி, கொட்டகைக்கு மேற்கே ஓரிடம் தரலாம் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "மேக்கால வெயில் மூஞ்சில அடிக்கும். நிக்க முடியாது. கெழக்குப் பக்கம் குடுங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் அசையவில்லை. கிழக்குப் பக்கமே கிடைத்தது.

நைனா காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். துறைமுகத்தால் மீன் குறைந்துவிடும், அங்கே வேலைக்குப் போகக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்திருந்தபோது போனவர் அவர். அப்படிப் போனவர்கள் கூட்டத்தில் உட்காரலாம். எழுந்து பேசினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. அம்மாவுக்கு அன்றே தெரியும். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள். அவள் கடைக்காகவாவது எழுந்து பேசிவிடுவார் என்று நம்பியிருக்கிறாள்.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டுச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். குழம்பில் உப்பு, சைக்கிளில் காற்று, சினிமாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று எல்லாவற்றுக்கும் இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். கடை புதிய துறைக்குப் போனபிறகு அம்மா நைனாவிடம் எதையும் கேட்பதில்லை. அடுப்பு விறகுக்கு அவளே போய்ச் சொல்லி வந்தாள். கூரை பிரிந்தபோது அவளே ஆள் கூட்டி வந்தாள். நைனா ஏதாவது கேட்டால் பதில் சொல்லுவாள், வெளியூர்க்காரருக்கு வழி சொல்வதுபோல. சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எங்க வூட்ல இப்பல்லாம் சண்டையே கெடையாது என்று வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் பெருமையாகச் சொன்னேன்.