கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்

ஏழு பேர். ஏழு நிமிடம், பிறகு இன்னொரு ஏழு நிமிடம். நடுவே மூச்சு வாங்க இரண்டே நிமிடம். மைதானம் மட்டும் பதினைந்து பேர் ஆடும் அதே முழு மைதானம். ஆட்களைக் குறைத்துவிட்டு வெளியை அப்படியே விட்டுவைத்த விளையாட்டு அது. செவன்ஸ் ரக்பியில் ஒளிய இடமில்லை, யார் என்ன செய்தாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் செய்தது தெரியவில்லை. அதை நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டே செய்தேன்.

எண்பதுகளின் கடைசி. செம்பாக்கம் ஏரி வற்றிக் கிடந்த கோடை. வெடித்த சேற்றின் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடினோம். எங்களைச் சேர்த்தவர் தாம்பரத்தில் குடியிருந்த ஓர் ஆபீஸ் அண்ணா. நகரத்துக் கிளப் ஒன்றில் பழைய ஆட்டக்காரர், எங்களுக்குக் கேப்டன். பதினைந்து பேரை அவரால் ஒரு நாளும் திரட்ட முடியவில்லை. ஒருவனுக்கு டுடோரியல், ஒருவனுக்கு ஷிப்ட், ஒருவனுக்கு ஞாயிறு ஆராதனை. "ஏழு பேர் வந்தா போதும்டா, அதுக்கும் ஒரு ஆட்டம் இருக்கு" என்றார்.

அதற்கும் ஓர் ஆட்டம் இருந்தது என்பதை அவர் கொடுத்த அட்டை கிழிந்த ஆங்கிலக் கையேட்டில் படித்தேன். நூறு வருஷத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர். கிளப்பில் பணமில்லை. ஒரே பிற்பகலில் பல ஆட்டம் வைத்தால் கூட்டம் வரும், ஆனால் பதினைந்து பேர் ஆட்டத்துக்கு நேரம் போதாது. கசாப்புக் கடைக்காரர் ஒருவர் அதை ஏழாக நறுக்கிக் கொடுத்தார். எங்கே வெட்டினால் உயிர் நிற்கும் என்று தெரிந்த கை.

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். ஆகவே எங்கள் அணிக்குச் சட்டம் என்றால் நான்தான். பந்தை முன்னால் இருப்பவனுக்குக் கையால் வீசக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான். தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்கு மூன்று பேர். புள்ளி எடுத்தவர்களே பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். பெரிய ஆட்டத்தில் புள்ளியைப் பறிகொடுத்தவன் உதைப்பான், இங்கே எடுத்தவன் கொடுக்கிறான். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொல்ல, பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் செம்பாக்கத்துக்காரன். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம், அப்போது வயலை மனை மனையாக விற்றுக்கொண்டிருந்தது. பத்தாவதோடு படிப்பு நின்றவன். கபடியில் அவனைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். ரக்பியிலும் ஓடும்போது உதடு தானாக முணுமுணுக்கும், கபடி கபடி என்று.

"டேய், பாடாம ஓடுடா" என்று கேப்டன் கத்துவார்.

"பாடலன்னா காலு நவுர மாட்டேங்குதுண்ணா. நீ வேணா காத மூடிக்கோ."

தரை கல்லாக இருந்ததால் பயிற்சியில் யாரும் யாரையும் விழத்தட்டுவதில்லை. இரண்டு கையால் தொட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவனை யாரும் தொட்டதில்லை. நேராக ஓடிப்போய்க் கோட்டுக்கு அப்பால், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பந்தை வைப்பான். அப்படி வைப்பதற்குப் பெயர்தான் டிரை. விழுந்து கிடந்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை கேப்டன் எங்கள் இருவரையும் தனியாக அழைத்தார். "கல்கத்தாவுக்கு ஸ்டேட் டீம் போவுது. விங்குல, ஓரத்துல ஓடுறவன் எடம் ஒண்ணு காலி. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன். நாளைக்கு மேட்ச் பாத்துட்டு சொல்வாங்க."

ஒருத்தன். மாநில அணி என்றால் சான்றிதழ், சான்றிதழ் என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. கணக்கில் இரண்டு முறை தோற்ற எனக்கு அதைத் தவிர வேறு கதவு இல்லை. அவனுக்கும் இல்லை. விற்க வயல் தீர்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், நாளைக்கு நெசமா புடிச்சி தள்ளுவானுங்க இல்ல? கோட்டாண்ட போயி வுழுந்துட்டேன்னு வெச்சுக்கோ. அப்போ இன்னா பண்றது?"

கையேட்டின் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். விழுந்தவன் உடனே கை நீட்டிப் பந்தைக் கோட்டில் வைக்கலாம். இல்லையென்றால் உடனே பந்தை விட வேண்டும். பிடித்துக்கொண்டே கிடந்தால் குற்றம். தமிழில் இரண்டு வாக்கியம்.

"கபடி மாதிரிதான்டா" என்றேன். "கையால கோட்டைத் தொட்டா போதும்."

"அவ்ளோதானா? அப்போ நம்ம ஆட்டம்தான் இது" என்று சிரித்தான். மிச்சமிருந்த கடலையை என் உள்ளங்கையில் கொட்டினான். நான் தின்றேன். ஒன்றுவிடாமல்.

மறுநாள் நகரத்தில், புல் முளைத்த மைதானம். முதல் பாதியில் எதிரணி ஒரு டிரை வைத்து, அதற்குப் பின் கிடைக்கும் உதையையும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பியது. அப்போதெல்லாம் டிரைக்கு நாலு புள்ளி, உதைக்கு இரண்டு. ஆறு. இரண்டாம் பாதியில் அவன் ஓடினான். யார் விரலும் படாமல் மூலையில் கொண்டுபோய்ப் பந்தை வைத்தான். நாலு. உதை தவறியது. புள்ளி எடுத்த நாங்களே பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்தோம். நான் அந்த ஆட்டம் முழுக்க இன்னொரு ஓரத்தில் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஓடினாலும் அவனுக்கு ஈடாக மாட்டேன் என்பது, ஆள் எடுக்க வந்து கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கடைசி நிமிடம். பந்து மறுபடி அவன் கைக்கு வந்தது. இரண்டு பேர் இடுப்பிலும் காலிலும் தொங்கினார்கள். இழுத்துக்கொண்டே போனான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தான். வலது கையில் பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தான். வெறும் இடது கையை நீட்டிக் கோட்டின் மேல் அறைந்தான். சுண்ணாம்பு தெறித்தது. மூச்சை அப்போதுதான் விட்டான்.

விசில். பந்தை விடாமல் கிடந்ததற்காக எதிரணிக்கு பெனால்டி. அவர்கள் அதைக் கோட்டுக்கு வெளியே உதைத்ததும் ஆட்டம் முடிந்தது.

அவன் மட்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தான். இடது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

"பந்துடா! பந்தைத்தான் வைக்கணும்! எருமை, கையை எதுக்குடா வச்ச?" கேப்டன் ஓடி வந்தார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டினேன்.

"மறந்துட்டேண்ணா" என்றான்.

சட்டம் தெரியாதவனை எப்படி அனுப்புவது என்று நாற்காலிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சட்டம் தெரிந்தவனை அனுப்பினார்கள். கல்கத்தாவில் மூன்று நாள் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய விதிப்படி யாருக்காவது அடிபட்டால்தான் மாற்றாள் உள்ளே போக முடியும். எங்கள் ஆட்களில் ஒருவன் கால் பிசகட்டும் என்று, ஜெபத்தில் வளர்ந்த பிள்ளை, ஆட்டத்துக்கு ஆட்டம் வேண்டிக்கொண்டேன். ஒருவனும் பிசகவில்லை. கால்சட்டையில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் ரயிலேறினேன். சான்றிதழில் இவர் ஆடவில்லை என்று எழுதமாட்டார்கள். வேலை கிடைத்தது. அவன் ஏரிப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தான். நானும் தேடிப் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வாடகை வீட்டுக்குக் குழாய் வாங்கக் கீழ்க்கட்டளையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் அவன். தொப்பை போட்டிருந்தான். கழுத்து அதே கழுத்து.

"வா மச்சான்! இன்னா, சோறே துன்றது இல்லியா, ஒணந்து பூட்ட?" என்றான். பக்கத்தில் பி.வி.சி. பைப் அளந்துகொண்டிருந்தவரிடம், "சார் யாரு தெரியுமா? கல்கத்தா போயி ஆடுனவரு" என்றான்.

"எத்தினி டிரை வெச்ச அங்க?" என்று என் பக்கம் திரும்பினான்.

உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் தமிழில் ஒரே சொல்.

"ரெண்டு" என்றேன்.

தலையை ஆட்டினான். குழாயை எடுத்துத் திருகிப் பார்த்தான், மூடினான், மறுபடி திருகினான்.

"கோட்டாண்ட புடிச்சானுங்களா?"

"ம். புடிச்சாங்க."

"கைய நீட்னியா, பந்த நீட்னியா?"

முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பதிலுக்கு அவன் காத்திருக்கவும் இல்லை. குழாயைச் செய்தித்தாளில் சுருட்டி, சணல் கட்டி, வலது கையால் நீட்டினான். இடது கையை மேசை மேல் விரித்து வைத்திருந்தான்.

நான் வாங்கிக்கொண்டேன்.